கடலைப் பார்த்த அறை

கருங்கடல் ஓரத்துப் பத்தூமியில் அந்த வாரம் லிஃப்ட் ஒழுங்காக ஓடியிருந்தால் மக்வாலாவும் மற்றவர்களைப் போலக் கீழே இறங்கிப் போய், கடலைப் பார்த்துவிட்டு, காலை நனைத்துவிட்டு, அவித்த சோளம் வாங்கிக் கடித்துக்கொண்டு திரும்பியிருப்பாள். ஆனால் அந்த லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும் பழைய ரகம். எந்தப் புண்ணியவானோ காசுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்திருக்கிறான். பெட்டி அடைத்துக்கொண்டது. பழுது பார்க்கிறவன் இதோ வருகிறான், அதோ வருகிறான் என்றார்கள். எங்கள் ஜார்ஜியாவில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

வீடு ஒன்பதாவது மாடியில். மக்வாலாவுக்கு இரண்டு மூட்டுகளும் போய்விட்டன. ஸ்வானேத்தி மலையில் பிறந்து, பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பது வயது தாண்டும்வரை மாடும் பனியுமாக ஏறி இறங்கியவளுக்கு மூட்டு போகாமல் வேறென்ன போகும். அவள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எதிரே ஒரு மலை நிற்கும். பனிக்காலத்தில் சூரியன் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு உடனே கிளம்பிவிடும். கண்ணை மறிக்க எதுவுமே இல்லாத ஓர் இடத்தைச் சாவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. குத்தைசி நகரத்தில் நர்சாக இருக்கும் மகள் தானாகவே பணம் கட்டி, "ஒரு வாரம் கடல்ல கிடங்க ரெண்டு பேரும்" என்று அனுப்பி வைத்தபோது, மக்வாலா மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

வந்து இறங்கியது மழையில். பத்தூமி மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்த வீடே தெரியவில்லை, கடல் எங்கே தெரியப் போகிறது. மாடிப்படியின் அடியில் இன்னொரு குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கக்கேத்திக்காரர் ஓமரி, திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், பீப்பாய் வயிறு. அவர் மனைவி லமாரா. கல்லூரியில் படிக்கும் மகள் கேத்தோ. மெதிக்கோ என்ற வீட்டுக்காரம்மா ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்து இரண்டு குடும்பங்களுக்கும் விட்டிருக்கிறாள் என்பது அங்கேதான் தெரிந்தது. ஒரு அறை கடலைப் பார்த்தது, இன்னொன்று கொல்லைப்பக்க முற்றத்தைப் பார்த்தது. வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான். யாருக்கு எது என்று மெதிக்கோ சொல்லவில்லை. முதலில் வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த அம்மாவும் ஜார்ஜியாக்காரிதான், அவளுக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும்.

மக்வாலாவை ஒரு பக்கம் கணவர் அன்சோரும் மறுபக்கம் ஓமரியும் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓமரி மூச்சு வாங்க நின்று ஒரு நகைச்சுவை சொன்னார். கதவு திறந்ததும் ஆரம்பித்தது.

"அண்ணே, நீங்க கடல் ரூமை எடுத்துக்குங்க. நாங்க பின்னாடி இருந்துக்கறோம்" என்றார் அன்சோர்.

"என்ன பேச்சு இது? நீங்க எங்கேருந்து வர்றீங்க, வானத்துலேருந்து இறங்கி வர்றீங்க. தங்கச்சிக்கு வேற கால் வலி. நீங்கதான் எடுத்துக்கணும்."

"நீங்க பெரியவங்க."

"நீங்க விருந்தாளி."

"விருந்தாளி நாங்க இல்ல, நீங்க."

இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. அன்சோர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மலைக்காரர்கள் பேச்சில் தோற்றால் செயலில் ஜெயிப்பார்கள். சட்டென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து அறைக் கட்டிலின் மேல் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஓமரிக்கு முகம் சிவந்துவிட்டது. விருந்தோம்பலில் ஒரு ஸ்வானேத்திக்காரரிடம் தோற்றுப்போய் கக்கேத்திக்குத் திரும்பினால் ஊரில் தலைகாட்ட முடியுமா? அவர் தன் மூட்டையை ஹாலில் இருந்த மடக்கு சோஃபாவின் மேல் தொப்பென்று போட்டார். "நீங்க பின்னாடின்னா, நாங்க ஹால். அந்த ரூம் உங்களோடது. எப்ப மனசு மாறுதோ அப்பப் போய்ப் படுங்க."

"அது உங்களோடது அண்ணே."

கடலைப் பார்த்த அறை காலியாகவே கிடந்தது.

பால்கனிக்கு வழியும் அந்த அறைக்குள்தான். ஆகையால் நனைந்த நீச்சலுடைகள் ஹாலில் நாற்காலி முதுகுகளில் தொங்கின. ஓமரி இரவெல்லாம் மடக்கு சோஃபாவின் கம்பி முதுகில் குத்த, புரண்டு புரண்டு முனகினார். கேத்தோ சமையலறை மேசைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே மெத்தை விரித்துப் படுத்தாள். காலையில் யாராவது பாலை எடுக்க வந்தால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். இத்தனைக்கும் சாத்திய கதவுக்குப் பின்னால் இரட்டைக் கட்டில் ஒன்று வெள்ளை விரிப்போடு தயாராக இருந்தது. யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. தொட்டால் எடுத்துக்கொண்டதாகிவிடும். எங்கள் ஆட்கள் பிணத்தைக்கூட இவ்வளவு மரியாதையாகத் தாண்டிப் போக மாட்டார்கள்.

மறுநாள் மழை விட்டது. மற்றவர்கள் கடலுக்கு இறங்கினார்கள். மக்வாலாவின் மூட்டுகள் இரண்டும் ரொட்டி மாவாக உப்பியிருந்தன. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், யாரோ ஒருவருடைய உள்பாவாடை, ஒரு பூனை. மலையை விட்டு வந்ததற்கு மலையை விடக் கிட்டத்தில் ஒரு சுவர்.

ஆனால் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அது கேட்டது.

முதலில் அவள் அதை ஆறு என்று நினைத்தாள். அவள் வீட்டுக்குக் கீழேயும் ஆறு இரைந்துகொண்டு ஓடும். அது போவது, போய்க்கொண்டே இருப்பது. இது அப்படி இல்லை. இது போய்விட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வந்து, கொஞ்சம் யோசித்து, மறுபடியும் போனது. இவ்வளவு பெரிய சத்தத்தை அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறாள், பனிச்சரிவு வந்த வருடம். அது ஒரு தடவை வந்தது, வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு அடங்கிவிட்டது. இது அடங்கவே இல்லை. இத்தனை பலம் வைத்துக்கொண்டு யாரையும் ஒன்றும் செய்யாமல், பொறுமையாக, விடிய விடிய. மக்வாலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னை அறியாமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

மற்றவர்கள் திரும்பி வந்ததும் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"தண்ணி அக்கா. நிறையத் தண்ணி" என்றாள் லமாரா, துண்டைப் பிழிந்தபடி.

"ரொம்ப உப்பு" என்றார் அன்சோர்.

கேத்தோ மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். "அத்தை, இங்க பாருங்க, உங்களுக்காகவே எடுத்தேன்." உள்ளங்கை அளவு நீலம், நடுவே கடற்கரையில் கேத்தோவுக்குக் கிடைத்த தோழி ஒருத்தி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இது டி.வி.யிலயே வருமேடி கண்ணு" என்று மக்வாலா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதைப் பார்த்துவிட்டால் அதைப் பார்த்த கணக்காகிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

கேட்டிருக்கலாம். ஹாலைக் கடந்தால் கதவு, கதவைத் திறந்தால் கடல். யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அதில்தான் சிக்கலே. அவள் கேட்டால், மனைவிக்கு வேண்டியதைப் பார்க்கத் துப்பில்லாமல் அறையைத் தூக்கிக் கொடுத்தவன் அன்சோர் என்றாகிவிடும். அவர்கள் பக்கத்தில் பெண்கள் கேட்க மாட்டார்கள். கேட்கும் நிலைக்கு விட்டால் அது ஆம்பிளைக்கு அவமானம். மக்வாலா கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. அவராகத் தெரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தாள். அன்சோர் காலையில் ரொட்டி வாங்கி வந்தார், மாலையில் முட்டிக்குச் சாராயம் தேய்த்துவிட்டார், இரவில் அவளுக்கு முன்னால் தூங்கிப்போனார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் இருட்டில் அவருடைய முதுகைப் பார்த்து மனசுக்குள் திட்டினாள். மனுஷனா மரக்கட்டையா.

நடு வாரத்தில் மெதிக்கோ வந்தாள், துண்டு மாற்ற. ஹாலில் ஓமரியின் போர்வையைப் பார்த்தாள், சமையலறையில் மெத்தையைப் பார்த்தாள், முற்றத்து அறையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்த ரூமுக்கு என்ன கேடு? மூட்டைப்பூச்சியா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார் ஓமரி.

"பின்ன? இந்தத் தெருவுல அந்த மாதிரி ஒரு ரூமுக்காக ஜனங்க குடுமிப்பிடி சண்டை போடுறாங்க. நீங்க என்னடான்னா ஃப்ரிட்ஜ் பக்கத்துல படுத்திருக்கீங்க."

"அது அன்சோர் குடும்பத்தோட ரூம்."

"அது அண்ணனோட ரூம்" என்றார் அன்சோர்.

மெதிக்கோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, துண்டோடு போய் அந்தக் கதவைத் திறந்தாள்.

ஹாலில் உட்கார்ந்திருந்த மக்வாலாவின் முகத்தில் காற்று வந்து மோதியது. உப்பும், பாசியும், பெயர் தெரியாத வேறு ஏதோ ஒன்றும் கலந்த காற்று. உள்ளே திரை மூடியிருந்தது, ஆனால் திரை முழுதும் வெளிச்சமாக இருந்தது. அவள் ஊரில் வெளிச்சம் மேலே இருந்து வரும். இங்கே எதிரிலிருந்து, கீழிருந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. கடலின் சத்தம் இப்போது சுவரில் வடிகட்டப்படாமல் முழுசாகக் கேட்டது. அன்சோர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓமரியும் திருப்பிக்கொண்டார். மெதிக்கோ வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அன்று முழுதும் மக்வாலா ஹாலை விட்டு நகரவில்லை.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் காலை ஊருக்கு வேன். சாயங்காலம் இரண்டு குடும்பமும் சேர்ந்து விருந்து வைத்தன. விருந்து என்றால் இரண்டு விருந்து. லமாரா ஒரு முழு மேசைக்குச் சமைத்தாள், மக்வாலா அடுப்பருகே முக்காலி போட்டு உட்கார்ந்து இன்னொரு முழு மேசைக்கு இறைச்சி ரொட்டி சுட்டாள். தட்டின் மேல் தட்டு ஏறியது. ஓமரி பிளாஸ்டிக் கேனிலிருந்து தன் வீட்டுத் திராட்சை மதுவை ஊற்றினார். விருந்துக்குத் தலைமை தாங்குவது யார் என்று மறுபடியும் ஒரு சுற்று தகராறு நடந்து, வயதில் மூத்தவர் என்பதால் ஓமரி என்று முடிவாயிற்று. அன்சோர் அதில் மட்டும் விட்டுக்கொடுத்தார், ஏனென்றால் தலைமை தாங்கினால் பேச வேண்டும்.

ஓமரி பேசினார். சமாதானத்துக்குக் குடித்தார்கள். இறந்தவர்களுக்குக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் உழைக்கிறவர்களுக்கு, திராட்சைக்கு. பிறகு அவர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. கக்கேத்திக்காரர்களுக்குக் கண் கலங்க அதிக நேரம் எடுக்காது.

"இப்ப இந்தக் கடலுக்கு" என்றார். "ஒரு வாரம் நம்மளைத் தாலாட்டுன கடலுக்கு. நான் மண்ணுல கையை வச்சுப் பொழைக்கிறவன், இவ்வளவு சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தா முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் முழங்கால் வரைக்கும் தண்ணியில நின்னேன். என் கடன், என் வழக்கு, என் மச்சான், ஒண்ணுமே ஞாபகம் வரல. சரி, நான் பேசுனா விடிஞ்சிடும். மீதியை மக்வாலா தங்கச்சி பேசட்டும்."

விருந்தில் தலைவர் ஒருவருக்குப் பேச்சைக் கைமாற்றினால் அவர் எழுந்து, அதே பொருளைப் பற்றித் தன் வார்த்தையில் பேசி முடித்துத்தான் குடிக்க வேண்டும். முடியாது என்று உட்கார்ந்தால் மேசைக்கே அவமரியாதை. மக்வாலா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையில் கிண்ணம். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நல்லதாக இரண்டு வார்த்தை, கடல் நீடூழி வாழ்க என்றால் போதும். அவள் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை.

"என்னால பேச முடியாது அண்ணே" என்றாள். "நான் கடலைப் பார்க்கல."

யாரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"ஒரு வாரமா சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். என்னமோ பெருசா ஒண்ணு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. அது முகம் எப்படின்னு தெரியாது. நாளைக்கு வேன்ல ஏத்திடுவாங்க, இந்தக் காலை வச்சுக்கிட்டு இன்னொரு தடவை இங்க வர மாட்டேன்." கிண்ணத்தைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள். "எனக்கு அந்த ரூம் வேணும். இன்னைக்கு ஒரு ராத்திரி. குடுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. அன்சோரைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது மட்டும் கேட்டது. இத்தனை வருடம் கட்டிக் காத்த மானத்தை ஒரே மூச்சில், அந்நியர் மேசையில், கொட்டிவிட்டாள்.

ஓமரி கிண்ணத்தை வைத்தார். மெதுவாக நெஞ்சில் கையை வைத்தார். அவர் முகத்தில் வந்தது கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானவர் போல இருந்தார்.

"கேட்டுட்டா" என்றார். "லமாரா, கேட்டியா? என்கிட்ட கேட்டுட்டா. அன்சோர், இனிமே நீ வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவங்க விருந்தாளி, குடுக்குறவன் வீட்டுக்காரன். வாரம் பூரா நீயும் நானும் மல்லுக்கட்டுனோமே, முடிஞ்சுது. இது என் வீடு." கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "என் வீட்டுல ஒருத்தி வாய் விட்டுக் கேட்டுட்டா. இதுக்கு மேல எனக்கு என்ன மரியாதை வேணும்?"

"முதல்ல கதவைத் திறங்க, அப்புறம் அழலாம்" என்றாள் லமாரா.

லமாராவே போய்த் திறந்தாள். மக்வாலாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். கேத்தோ ஓடிப் போய்த் திரையை இழுத்து, பால்கனிக் கதவையும் திறந்துவிட்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மக்வாலா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிரே ஒன்றும் இல்லை.

அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள், ஒன்றும் இல்லாததை. கண் போய்க்கொண்டே இருந்தது. மோதும், மோதும் என்று காத்திருந்தாள், எங்கும் மோதவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்வை எதிலாவது முட்டி நின்றே பழகியது. இப்போது அது விடுபட்டு ஓட, அவளும் அதோடு கம்பிக்கு மேல் சாய்ந்தாள். லமாரா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் தண்ணீர் தெரிந்தது. நீலம் என்று சொல்லியிருந்தார்கள். நீலம் இல்லை. வெள்ளியும், ஈயமும், பழுத்த பேரிக்காயின் மஞ்சளும், கரையோரம் பச்சையும், எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாம் நகர்ந்துகொண்டு. அது ஒரு பொருளைப் போலவே இல்லை. அது உயிரோடு இருந்தது. கீழே கூழாங்கல் கரையில் ஆட்கள் அரிசி மணி அளவில் படுத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் போய் இவர்களால் எப்படிச் சோளம் தின்ன முடிகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

சூரியன் தண்ணீருக்கு மேலே ஒரு கை உயரத்தில் நின்றது. அவள் ஊரில் சூரியன் மறைவது இல்லை, மலை அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இங்கே அதை யாரும் பிடுங்கவில்லை. அது தன் பாட்டுக்கு, தன் விருப்பத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாடி" என்றாள் மக்வாலா. அழுதாள். பயமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, இரண்டுக்கும் நடுவே தான் எவ்வளவு சின்னவள் என்றும் தோன்றியது, அது வருத்தமாகவே இல்லை. லமாரா கேத்தோவைக் கண்ணைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். அன்சோர் அறை வாசலில் நின்றார், உள்ளே கால் வைக்காமல்.

"வா" என்றாள்.

"அவங்க ரூம்."

"இப்ப என்னோடது. நான் கேட்டு வாங்கினேன். வா, என் பக்கத்துல வந்து நில்லு. இதையும் கேக்குறேன்."

அவர் வந்தார். கம்பியில் கையை வைத்தார். ஆனால் கடலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவர் முகத்தில் இருந்தது குழப்பம், அடிபட்ட பிள்ளையின் குழப்பம்.

"இவ்வளவு ஆசையா இருந்தியா?"

"இருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும், மக்வாலா? நீ ஒண்ணுமே கேட்டதில்லையே. வந்த நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும். உனக்கு எதுவும் வேண்டியிருக்காதுன்னுல்ல நான் நினைச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். எத்தனை இரவு அந்த முதுகைத் திட்டியிருக்கிறாள். மனுஷன் நிஜமாகவே அறியாமல்தான் இருந்திருக்கிறார். தெரிந்தும் செய்யாதவர் என்று நினைத்துப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள். அது ஒரு பக்கம் நெஞ்சைப் பிசைந்தது, இன்னொரு பக்கம் பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

"சரி, அங்க பாரு" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். வாரம் முழுதும் கரையில் கிடந்தவர்தான், ஆனால் கீழே நின்று பார்த்தது வேறு போல. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சூரியனின் அடி தண்ணீரைத் தொட்டது. சத்தம் மட்டும் மாறாமல் போனது, வந்தது.

"இது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டாள்.

"நிக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

"ராத்திரியும்?"

"ராத்திரியும்."

"நாம ஊருக்குப் போனப்புறமும்? பனி மூடிக் கதவே திறக்க முடியாம கிடப்போமே, அப்பவும்?"

அன்சோர் யோசித்தார். எதையும் யோசிக்காமல் சொல்கிறவர் இல்லை.

"அப்பவும்" என்றார்.

மக்வாலா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாலிலிருந்து ஓமரி கூப்பிட்டார், கடலுக்கான கிண்ணம் இன்னும் குடிக்கப்படாமல் இருக்கிறது, தங்கச்சி இப்பவாவது வந்து பேசட்டும், எல்லோரும் நின்றுகொண்டு காத்திருக்கிறோம் என்று.

"இதோ வர்றேன்" என்றாள் மக்வாலா. போகவில்லை.